தண்ணி மருந்து

மாசி பிறந்தும் பனி விடவில்லை. கெலமங்கலத்துப் பக்கம் அப்படித்தான். விடியும்போது கம்பளி கேட்கும், பத்து மணிக்கு மேல் தலைக்குத் துண்டு கேட்கும். இந்த ரெண்டுங்கெட்டான் பருவத்தில் மனுஷனுக்கே சளி பிடிக்கிறது, கோழிக்குப் பிடிக்காதா என்றுதான் ஜோதியம்மாள் முதலில் நினைத்தாள். கொட்டகையின் மூலையில் ஒரு சேவல் இறக்கையைத் தொங்கவிட்டு நின்றிருந்தது. தீனித் தட்டைக் கரண்டியால் தட்டினாள். மற்றதெல்லாம் அடித்துப்பிடித்து ஓடிவந்தன, அது மட்டும் வரவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தாள். தரையில் வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்திருந்தது.

சேவலைத் தூக்கித் தனியாக ஒரு கூடையில் கவிழ்த்துவிட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். இன்னும் இரண்டு மூன்று, தூக்கம் வந்த பிள்ளைகள் மாதிரிக் கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தன.

நானூறுக்குப் பக்கமாக நாட்டுக்கோழி. எல்லாம் உகாதிக்கென்று வளர்த்தவை. ஓசூர்ப் பக்கத்தில் உகாதியன்று ஒப்பட்டு என்கிற போளி, மறுநாள் கறி. கன்னடக்காரர்கள் அந்த நாளை ஒசதொடக்கு என்பார்கள். தெலுங்குக்காரரோ தமிழரோ, அதற்குப் பேர் தெரியாவிட்டாலும் அன்றைக்குக் கறி இல்லாமல் சோற்றில் கை வைக்கமாட்டார்கள். பெங்களூரிலிருந்துகூட நாட்டுக்கோழி தேடி வண்டி வரும். அந்த ஒரு நாளை நம்பித்தான் கார்த்திகையில் குஞ்சு இறக்கினாள்.

கோழி வளர்ப்புக்கு வருவதற்கு முன்பு அவள் கம்பெனிக்காரி. மூக்கண்டப்பள்ளியில் வண்டிகளுக்கு வயர் கட்டுகிற கம்பெனியில் ஏழெட்டு வருஷம் நின்றாள். நின்றாள் என்றால் நிஜமாகவே நின்றாள். அந்த வேலையில் உட்காருவது சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான். கெண்டைக்காலில் நரம்பு புடைத்து நீலமாகச் சுருண்டு, ராத்திரியெல்லாம் காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு படுக்க வேண்டியதாயிற்று. அதன்பிறகுதான் கோழி வளர்க்கிறேன் என்று வேலையிலிருந்து நின்றுவிட்டாள். புருஷன் தீர்த்தகிரி, வார்ப்பட வேலை செய்கிற கம்பெனியில் ஷிப்டு பார்க்கிறவன். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இந்தக் குஞ்சுகள் வந்து இறங்கிய அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லிவைத்தான்.

"இந்த உகாதி வரைக்கும் பாக்கலாம், ஜோதி. கைகுடுத்தா உன் பாடு. இல்லன்னா மறுபடியும் கம்பெனி வேன்ல ஏறிக்க. பொண்ணு பர்கூர்ல காலேஜு முடிக்கிற வரைக்கும் ஒத்த ஆளா இழுக்க என்னால முடியாது. ஒடம்பு கேக்க மாட்டேங்குது."

அவன் அதிகாரமாகச் சொல்லியிருந்தால் அவளும் சண்டை போட்டிருப்பாள். அசந்துபோய்ச் சொன்னான். அதனால் தலையை ஆட்டிவிட்டாள்.

ஜோதியம்மாளின் கோழிகள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பேர் வாங்கியவை. கொத்துமல்லி விலை விழுந்துபோனால் சூளகிரிப் பக்கத்து விவசாயிகள் கட்டுக்கட்டாக ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். அதை அள்ளிவந்து நிழலில் உலர்த்தி, வேரோடு இடித்து வைத்துக்கொள்வாள். சந்தையில் தள்ளிவிடும் பொடிப் பூண்டு, மழை பட்ட மஞ்சள், வீட்டுக்குப் பின்னால் தானாக முளைக்கிற கீழாநெல்லி, முருங்கைக்கீரை, கொஞ்சம் மிளகு, சீரகம். எல்லாவற்றையும் பொடித்து ராகித் தவிட்டில் பிசறித் தீனியோடு கலப்பாள். கோழிகள் அதைப் பொறுக்கித் தின்னும். கொண்டை சிவந்து, கழிச்சல் இல்லாமல், இறகு எண்ணெய் தடவினது மாதிரி இருக்கும். கொட்டகைக்குள் போனால் கோழி நாற்றத்துக்கு முன்னால் ரசம் தாளித்த வாசனை வரும். "உங்க ஊட்டுக் கோழியைக் கொழம்பு வெக்க மசாலாவே வேணாம்போலக்கீது" என்று பக்கத்துக் காட்டு நாராயணப்பன் கிண்டல் செய்வான். கிண்டல் செய்துவிட்டு, பெண்டாட்டி பார்வதியை அனுப்பி ஒரு டப்பா பொடி வாங்கிக்கொள்ளவும் செய்வான்.

அன்றைக்குத் தீர்த்தகிரி முதல் ஷிப்டு. அவன் திரும்பி வருவதற்குள் நாலு கோழி செத்துவிட்டன. ஜோதியம்மாள் அம்மிமுன் உட்கார்ந்திருந்தாள். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, கீழாநெல்லி, மஞ்சள் எல்லாம் சேர்த்து விழுதாக அரைத்து, ராகிக் களியில் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருட்டி, நோவு கண்டவற்றின் அலகைப் பிளந்து ஒவ்வொன்றாகப் புகட்டிக்கொண்டிருந்தாள். விரலிடுக்கெல்லாம் எரிந்தது.

"என்னாத்துக்கு இப்பவே களி கிண்டுன?" என்றபடி உள்ளே வந்தவன், செத்ததைப் பார்த்ததும் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தான்.

"வெள்ளக் கழிச்சலு மாதிரிக்கீதுங்க."

"அது எப்பிடி வரும்? பொங்கலுக்கு முன்னாலதான் தடுப்புக்குத் தண்ணி மருந்து குடுத்தமே. என் கையால கலந்து ஊத்துனேன்."

"வந்துக்கீதே."

"சளியா இருக்கும். உன் மருந்தையே குடு. நாளைக்குப் பாக்கலாம்."

நாளைக்குப் பார்த்தபோது இருபதுக்கு மேல் விழுந்திருந்தன. சிலதுக்குக் கழுத்து திருகிக்கொண்டு, தலை பின்பக்கம் பார்த்தது. தின்ன வேண்டும் என்று குனியும், அலகு வேறெங்கேயோ போய்க் குத்தும். அதைப் பார்க்கத் தாளாமல் ஜோதியம்மாள் கையில் எடுத்துவைத்து ஊட்டினாள். உருண்டை தொண்டையில் இறங்கியது. உயிர் நிற்கவில்லை.

கால்நடை டாக்டர் கமலக்கண்ணன் மறுநாள் காலையில் வந்தார். வயதில் சின்னவர், ஆனால் அலட்டிக்கொள்ளாத மனுஷன். செத்த ஒன்றை அறுத்துப் பார்த்தார். கை கழுவிக்கொண்டே விசாரித்தார்.

"ராணிக்கெட்தான்ம்மா, அந்த வெள்ளக் கழிச்சலேதான். சந்தேகமே இல்ல. கண்ணுல சொட்டு மருந்து விட்டீங்களா?"

"விட்டம் சார். குஞ்சா இருந்தப்பவே."

"அதுக்கப்பறம் தண்ணி மருந்து?"

தீர்த்தகிரி முந்திக்கொண்டான். "குடுத்தம் சார். ஐஸ் டப்பாவுலதான் வாங்கியாந்தேன். பால்பவுடர் போட்டு, கெணத்துத் தண்ணியில கலந்து, விடிகாலையில வெச்சேன். முன்னாடி நாள் ராத்திரியிலிருந்து கோழிக்குத் தண்ணியே காட்டல."

"அதெல்லாம் கரெக்ட்டுதான். தண்ணித் தட்டு எதுல கழுவுனீங்க?"

"ஏன் சார்?"

"அது உசுருள்ள மருந்துய்யா. சோப்பு, ப்ளீச்சிங் பவுடர், மஞ்சள், வேப்பிலை, எது பட்டாலும் செத்துப்பூடும். கிருமியக் கொல்றது எதுவா இருந்தாலும் மொதல்ல இந்த மருந்தத்தான் கொல்லும். மருந்து செத்த தண்ணி வெறும் தண்ணி."

"வெறும் தண்ணியிலதான் சார் கழுவுனது" என்றான் தீர்த்தகிரி.

ஜோதியம்மாள் கையிலிருந்த கோழியை இறுக்கிப் பிடித்திருந்தாள். அது கத்தியது. அப்போதுதான் பிடியை விட்டாள்.

அவள்தான் கழுவினாள். வெறும் தண்ணீரில் கழுவவில்லை. தண்ணீர் மருந்து வைப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம், எல்லாத் தட்டையும் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்த பிறகு, பச்சை மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து உள்பக்கமெல்லாம் பூசி வைத்தாள். அம்மை போட்ட வீட்டில் குழந்தைக்கு முதல் தண்ணீர் ஊற்றுகிற சொம்புக்கு அப்படிப் பூசுவார்கள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற பானைக்குப் பூசுவார்கள். நோய் வராமலிருக்க வைக்கிற மருந்தை வெறும் தட்டில் வைப்பதாவது என்று அவளுக்குத் தோன்றியது. விடிகாலையில் கொத்துமல்லி அள்ளப் போய்விட்டாள். தீர்த்தகிரி ஷிப்டு முடிந்து வந்து மருந்தை ஊற்றினான். கோழிகள் தாகத்தில் ஒரு சொட்டு விடாமல் குடித்தன என்று சொன்னபோது சந்தோஷப்பட்டாள்.

"தீனியில பொடி கலக்கறது நல்லதுதான்ம்மா, நிறுத்தாதீங்க" என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். "வயிறு சுத்தமா இருக்கும், நல்லா தின்னும், வளரும். ஆனா இந்த நோவ அது தடுக்காது. வந்தப்பறம் தீர்க்கவும் தீர்க்காது. நல்லா இருக்கறதத் தனியாப் பிரிங்க. செத்தத ஆழமாக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் பொதைங்க. நோவு கண்டத யாருக்கும் விக்காதீங்க."

சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. டாக்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தார். புருஷன் அவர் வண்டியைத் தள்ளித் திருப்பிக்கொண்டிருந்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு வந்த நாட்களில் அந்த வீட்டில் வேறு வேலை எதுவும் நடக்கவில்லை. அவன் குழி தோண்டிவிட்டுக் கம்பெனிக்குப் போனான், வந்து மறுபடி தோண்டினான். கீழே கல்லுப் பூமி, கடப்பாரை போட்டால் கணீர் என்று எகிறும். அவள் செத்ததைச் சாக்கில் பொறுக்கிவந்து கொட்டினாள். சுண்ணாம்புத் தூள் கண்ணில் விழுந்து சிவந்தது. அழுகிறாள் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். அழுகையும் இருந்தது, யார் பிரித்துப் பார்ப்பது? கொட்டகையில் நாளுக்கு நாள் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. விடிகாலையில் கூவுகிற சேவல்களை எண்ணி நேரம் பார்த்தவளுக்கு, இப்போது பெங்களூர் ரோட்டு லாரிச் சத்தம்தான் கேட்டது.

ஊர் சும்மா இருக்குமா? "ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழனிப்பானையில விழுமாம் துள்ளி" என்று டீக்கடையில் யாரோ சொன்னதை, சொன்ன ஆளின் பேரை விட்டுவிட்டு நாராயணப்பன் வந்து சொன்னான். சொன்னவன் அவனாகக்கூட இருக்கலாம். ஆனாலும் கடப்பாரையை வாங்கி ஒரு குழி அவனும் தோண்டினான்.

"எங்க ஊட்டுதுங்க நல்லாத்தான் கீதுங்கக்கா" என்றான் மண்ணைத் தள்ளிக்கொண்டே. "உங்க பொடிதான் காப்பாத்துது. பார்வதியும் தண்ணி மருந்து வாங்கியாரணும்னு சொல்லினே கீறா. எதுக்குடி, பொடி போதாதாங்கறேன்."

"மருந்து குடுங்கப்பா. கட்டாயம் குடுங்க" என்றாள் ஜோதியம்மாள். அதற்குமேல் சொல்ல முடியாதபடி புருஷன் பக்கத்தில் நின்றிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மிச்சம் ஐம்பது அறுபது கோழி இருக்கும். அவற்றில் பாதி தலையைச் சாய்த்துக்கொண்டு நடந்தன. கிண்டிய ராகிக் களியும் கொள்ளுக் கடைசலும் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன. தீர்த்தகிரி தொடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தான்.

"எங்க கௌம்பிட்டீங்க?"

"ஓசூருக்கு. அந்த மருந்துக் கடக்காரன விடறதா இல்ல. கெட்டுப்போன மருந்தக் குடுத்துருக்கான். ஐஸ் பொட்டியில வெக்காம வெளிய வெச்சிருந்திருப்பான். அதான் மருந்து வேல செய்யல. நாலு பேரு முன்னால வெச்சிக் கேக்கறேன்."

"வேணாம், உக்காருங்க."

"ஏன் வேணாம்? நம்ம பொழப்பு போச்சே, ஜோதி. யாராவது பதில் சொல்லணுமில்ல?"

"உக்காருங்கன்றேன். அவன் மேல தப்பில்ல."

அவன் உட்காரவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். மஞ்சளும் வேப்பிலையும் பூசியதைச் சொன்னாள், கழுவாமல் விட்டதைச் சொன்னாள், டாக்டர் கேட்டபோது நாக்கு எழாததைச் சொன்னாள். "நல்லதுன்னு நெனச்சித்தான் செஞ்சேன். என் கையாலயே கெடுத்துட்டேன். அந்தாள் கிட்டப் போயி ஞாயம் கேட்டுட்டு வராதீங்க. பாவம் நமக்கு வேணாம்."

அடிப்பானோ, தட்டைத் தூக்கி எறிவானோ என்று நினைத்தாள். இருபத்திரண்டு வயதிலிருந்து பார்க்கிற மனுஷன்தான், ஆனாலும் இந்த அளவுக்கு ஒன்று அவர்களுக்குள் நடந்ததில்லை. அவன் மெதுவாகச் சட்டைப் பொத்தானைக் கழற்றினான். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

"தெரியும்" என்றான்.

"என்னா தெரியும்?"

"தண்ணி மஞ்சளா இருந்திச்சி. ஊத்தும்போதே பாத்தேன்."

அவள் நிமிர்ந்தாள்.

"கடக்காரன் சொல்லித்தான் அனுப்புனான். தட்டுல ஒண்ணும் இருக்கக் கூடாது, வெறும் தண்ணியில அலசிட்டு ஊத்துன்னான். நான் அன்னிக்கு ரெண்டு ஷிப்டு சேத்துப் பாத்துட்டு வந்தவன். ஒல நெருப்பு முன்னால நின்னு நின்னு கண்ணு அவிஞ்சிபோய் வந்தேன். மொதத் தட்டுல ஊத்துனதும் மஞ்சளாக் கெளம்பிச்சி. அலசணும்னு தோணிச்சி. இத்தினி தட்டையும் கெணத்தடிக்குத் தூக்கினு போயி, அலசி, திரும்ப வெச்சி..." அவன் கையால் முகத்தைத் துடைத்தான். "முடியல, ஜோதி. மஞ்சதானே, நல்லதுதானேன்னு எனக்கு நானே சொல்லிக்கினு ஊத்திட்டுப் போய்ப் படுத்துட்டேன்."

"டாக்டரு கேட்டப்ப வெறும் தண்ணின்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

"எனக்காகச் சொன்னீங்கன்னு நெனச்சேன்."

அவன் குனிந்து கட்டில் கயிற்றின் பிசிறைப் பிய்த்தான்.

அவளுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. கோழி செத்தபோது வராத கோபம், ஊர் பேசியபோது வராத கோபம். மரியாதை தானாகக் கழன்று விழுந்தது. "ஒரு வாரமா நான் உள்ளுக்குள்ள வெந்துகினு கெடந்தேன். பக்கத்துல படுத்துகினு பாத்துகினு இருந்தியா நீ? கட மேல சண்டைக்கு வேற போற?"

"உன்னச் சொன்னா என்னையும் சொல்லணுமே" என்றான் அவன். "கடக்காரன் மேல போட்டுட்டா ரெண்டு பேருக்கும் இல்லாமப் பூடும்னு பாத்தேன்."

இதற்கு மேல் என்ன கேட்பது? அசந்தவனுக்குத்தான் நட்டம், தூங்கினவன் கன்று கடாக்கன்று என்று சொல்லிவைத்தவர்கள், அவன் ஏன் தூங்கினான் என்று சொல்லாமல் போய்விட்டார்கள். அவளுக்கு அவன்மேல் கோபமும் இருந்தது, இரக்கமும் இருந்தது. எது முந்தி என்று பார்க்கத் தெம்பில்லை. களித் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"தின்னுட்டுப் படு. ராத்திரி ஷிப்டு இருக்குதில்ல."

"நீ?"

"நாளைக்குத் திம்மராயன் வேன் வரும். கம்பெனியில ஆளு எடுத்துகினேதான் கீறாங்க, நான் ஏறிக்கறேன். மிச்சம் கெடக்கறத நீ பாத்துக்க. தீனியில பொடி மறக்காத. தட்ட வெறும் தண்ணியில கழுவு."

அவன் களியைப் பிட்டுக் கொள்ளில் தொட்டு வாயில் போட்டான். தலையாட்டினான். வேனில் ஏறாதே என்று ஒரு வார்த்தை சொல்வானா என்று அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். சொல்லவில்லை. அவன் சொல்லியிருந்தால் பொய் சொல்கிறான் என்று இருவருக்கும் தெரிந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை பனிக்குள் வேன் வந்து நின்றது. டிரைவர் திம்மராயன் கதவைத் தள்ளிவிட்டு, "வாங்கக்கா, உங்க சீட்டு அப்பிடியேதான் கீது" என்றான். அவன் நல்லபடியாகத்தான் சொன்னான், அவளுக்குத்தான் அடி விழுந்தது மாதிரி இருந்தது. உள்ளே ஏறினால் பெண்கள் எல்லோரும் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்திருந்தார்கள். நாராயணப்பன் பெண்டாட்டி பார்வதியும் அதே கம்பெனிக்குப் போகிறவள்தான்; அவள் மட்டும் நகர்ந்து இடம் கொடுத்தாள். பாதிக் கண்தான் திறந்திருந்தது.

"வந்துட்டியாக்கா. நேத்து தண்ணி மருந்து வாங்கியாந்துட்டேன். அவருக்குத் தெரியாது. ஐஸ் போட்டுப் பக்கத்தூட்டு பிரிட்ஜில வெச்சிக்கீறேன். நாளைக்கு விடிகாலையில குடுத்துடணும்."

"நல்லதும்மா."

"உன் பொடியும் அதுலயே கொஞ்சம் கலந்துடட்டுமா? ரெண்டும் சேந்தா இன்னும் நல்லா புடிக்குமில்ல?"

வேன் கிளம்பியது. டாக்டரிடம் வராத வார்த்தை ஜோதியம்மாளுக்கு இப்போது மளமளவென்று வந்தது. மஞ்சள் பூசியதிலிருந்து ஆரம்பித்தாள். நல்லதென்று நினைத்ததைச் சொன்னாள், உயிருள்ள மருந்து என்று டாக்டர் சொன்னதைச் சொன்னாள், வீட்டுக்காரர் தண்ணீர் மஞ்சளாக இருந்ததைப் பார்த்தும் அசதியில் ஊற்றிவிட்டுப் படுத்ததையும் மறைக்காமல் சொன்னாள். "நாங்க ரெண்டு பேருந்தான் கெடுத்தம். நீ பொடியக் கலக்காத. தட்ட வெறும் தண்ணியில அலசு. மஞ்சளத் தொட்ட கையக்கூட வெக்காத. பொடியெல்லாம் நாலு நாள் கழிச்சித் தீனியில போட்டுக்கலாம். கேட்டியா?"

திரும்பிப் பார்த்தாள். பார்வதி வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். எப்போது தூங்கினாள் என்று தெரியவில்லை. முந்தின நாள் காட்டு வேலையும் மருந்துக்கு அலைச்சலும், இன்றைக்கு விடியுமுன் எழுந்து சமையல். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வேனிலேயே விழித்திருந்தது டிரைவரும் ஜோதியம்மாளும்தான்.

பாவம் தூங்கட்டும், சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் தோன்றியது. சாயங்காலம் தன் கால் என்ன கதியில் இருக்கும், கண் என்ன கதியில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவளே இந்தத் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருப்பாள்.

தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏ பார்வதி. எந்திரி. மொகத்தத் தொடச்சிக்க. இதக் கேட்டுட்டு அப்பறம் தூங்கு."

"என்னாக்கா, கம்பெனி வந்திடுச்சா?"

"வரல" என்றாள் ஜோதியம்மாள். மறுபடியும் மஞ்சள் அரைத்ததிலிருந்து ஆரம்பித்தாள்.